களிம்புக்குள் இருக்கும் ஆளுநர் பெயர்: மூன்று ரோம மாகாணக் காசுகளைத் துலக்கிய பதிவு

வேலைக்கு எடுத்துக்கொண்டவை மூன்று வெண்கலக் காசுகள். மூன்றும் கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ரோமப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்ட நகரங்கள் தங்கள் பெயரைப் போட்டுத் தாங்களே அடித்துக்கொண்டவை. நான் வேலை பார்க்கும் வியன்னாவில், பழைய சேகரிப்பு ஒன்று பிரிந்து நாணயக் கடைக்கு வந்தபோது வாங்கினேன். ஒவ்வொரு காசோடும் மையில் எழுதிய சின்ன அட்டை ஒன்று இருந்தது. முதல் அட்டையில் ‘மீசியா, கோர்டியன்?’, இரண்டாவதில் ‘காரகல்லா?’, மூன்றாவதில் ‘நிசீயா’. மீசியா ஒரு மாகாணம், நிசீயா ஒரு நகரம், மற்ற இரண்டும் பேரரசர் பெயர்கள். இவற்றைவிட அழகான காசுகள் அதே தட்டில் இருந்தன. முதல் இரண்டு அட்டைகளிலும் இருந்த கேள்விக்குறிதான் என்னை இழுத்தது.

மாகாணக் காசு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரோமின் அக்கசாலையில் அடித்த தங்கமும் வெள்ளியும் பேரரசு முழுவதும் ஓடின. சந்தையில் ரொட்டியும் எண்ணெயும் வாங்கத் தேவைப்பட்ட சில்லறையை, கிழக்கு மாகாணங்களிலும் பால்கன் பகுதியிலும் நகரங்களே அடித்துக்கொண்டன. முன்பக்கத்தில் பேரரசர் தலை. பின்பக்கம் நகரத்தின் சொந்த இடம்: உள்ளூர்த் தெய்வம், கோயில், ஆறு, மலை, நகரின் பெயர், சில இடங்களில் மாகாண ஆளுநரின் பெயரும். ரோமக் குடியேற்ற நகரங்களில் எழுத்து லத்தீன், மற்ற இடங்களில் பெரும்பாலும் கிரேக்கம். நூற்றுக்கணக்கான நகரங்கள் இப்படி அடித்தன. மூன்றாம் நூற்றாண்டின் பணவீக்கத்தில் இந்த வழக்கம் தேய்ந்து, கடைசியில் அலெக்சாண்டிரியாவில் 296 வாக்கில் நின்றுபோனது.

கரூரிலும் கோவைப் பக்கத்திலும் கிடைத்த ரோமக் காசுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவை கொஞ்சம் அந்நியமாகத் தெரியும். நம் ஊருக்குக் கப்பலேறி வந்தவற்றில் பேர்பெற்றவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளியும் தங்கமும். மாகாண வெண்கலம் அப்படிப் பயணம் போவதற்காக அடித்ததல்ல. அதன் மதிப்பு அடித்த ஊரையும் அக்கம்பக்கத்தையும் சுற்றித்தான். அதனால்தான் அதில் உள்ளூர்ச் செய்தி இவ்வளவு இருக்கிறது.

வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். சுத்தம் செய்யாத பால்கன் காசுகளை மொத்தமாக, கிலோ கணக்கில் விற்பவர்கள் உண்டு. நான் அவற்றைத் தொடுவதில்லை. பல்கேரியாவில் டான்யூப் கரையில் இருந்த ரட்டியாரியா என்ற ரோம நகரத்தைப் புதையல் வேட்டைக்காரர்கள் தோண்டிச் சிதைத்திருக்கிறார்கள். மண்ணோடு வரும் காசு எந்த அடுக்கில், எந்தச் சுவரோரம் கிடந்தது என்ற தகவலை யாரோ அழித்துவிட்டுத்தான் என் கைக்கு அது வரும். பழைய சேகரிப்பு, பழைய அட்டை, ரசீது, இந்த மூன்றும் இருந்தால் மட்டுமே வாங்குகிறேன். விலை கூடுதல்தான். அது நியாயமான விலை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் எதையும் தொடாமல் எடை, விட்டம், இரு பக்கப் படம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்து எடுக்கும் படம் ரொம்ப முக்கியம். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தின் மேடு, சாய்வான வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். அப்புறம் அச்சுகளின் திசை: முன்பக்கத் தலை நேராக நிற்கும்படி பிடித்து, புத்தகப் பக்கம்போல இடவலமாகத் திருப்பினால் பின்பக்க உருவத்தின் தலை எந்தப் பக்கம் நிற்கிறது என்று கடிகார மணிக்கணக்கில் குறிப்பது. சுத்தம் செய்தபின் இந்த அளவுகளை எடுத்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

மூன்றின் மேலும் யாரோ ஒரு காலத்தில் அரக்குப் பூச்சு பூசியிருந்தார்கள். அது மஞ்சளாகி, எழுத்துகளின் பள்ளத்தில் திரண்டு நின்றது. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றி, காசை இட்டு, பூச்சு இளகியதும் மெல்லிய நைலான் தூரிகையால் தடவினால் வந்துவிடுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை. பூச்சு போனபின் காய்ச்சி வடித்த நீரில் ஊறல். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் குளோரைடு இருக்கும். வெண்கலத்துக்கு அதைவிடப் பெரிய பகை கிடையாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். வீட்டில் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பழக்கம் நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. புளி, எலுமிச்சை, வினிகர், எல்லாமே அமிலம். அவை களிம்பைக் கரைத்து அடியில் இருக்கும் உலோகத்தைக் காட்டும். விளக்குக்கு அது சரி. ஆயிரத்து எண்ணூறு வருஷம் மண்ணில் கிடந்த காசுக்கு அது அழிவு. காரணம் எளிமையானது. மண்ணில் கிடக்கும்போது வெண்கலத்தின் மேல்தோல் மெதுவாகத் தாமிர ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறுகிறது. அச்சு பதித்த நுண்கோடுகள், முடிச் சுருள், எழுத்தின் கூர்முனை, எல்லாம் அந்த மாறிய தோலில்தான் வாழ்கின்றன. அடியில் எஞ்சியிருக்கும் உலோகம் குண்டும் குழியுமான ஒரு மேடு, அவ்வளவுதான். களிம்பைக் கரைத்தால் எழுத்தையே கரைத்துவிடுகிறோம். ஆகவே மேலே ஒட்டியிருக்கும் மண்ணையும் சுண்ணாம்புப் பொருக்கையும் மட்டும் நீக்க வேண்டும். வழவழப்பான அடர்பச்சைத் தோல் கண்ணில் பட்டதும் கையை நிறுத்த வேண்டும். மின்பகுப்புச் செய்து காசை உரிப்பதை நான் இதே காரணத்துக்காக எதிர்க்கிறேன்.

நிசீயாக் காசு சீக்கிரம் முடிந்தது. இன்றைய துருக்கியின் இஸ்னிக்தான் நிசீயா. மூன்றாம் கோர்டியனின் இளந்தலை, பின்னால் மூன்று படைக்கொடிகள், கொடிகளுக்கு இடையே நகரத்தார் பெயர் கிரேக்கத்தில் துண்டுதுண்டாக. மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் வகை. அரக்கை எடுத்ததும் எல்லா எழுத்தும் தெரிந்தது. அட்டையில் எழுதியிருந்ததும் சரி. அதற்கு மேல் அதைத் தொடவில்லை.

‘மீசியா, கோர்டியன்?’ என்ற காசு பெரியது. 28 மில்லிமீட்டர், 17 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பின்பக்கத்தில் ஒரு பெண் நடுவில் நிற்கிறாள், ஒரு பக்கம் காளை, மறுபக்கம் சிங்கம். இந்தப் படத்தைப் பார்த்தவுடனேயே ஊர் தெரிந்துவிடும்: விமினாசியம். இன்றைய செர்பியாவில் கொஸ்டொலாட்ஸ் பக்கத்தில், டான்யூப் கரையில் இருந்த படைநகரம், மேல் மீசியா மாகாணத்தின் தலைநகர். நடுவில் நிற்பவள் மீசியா, மாகாணமே பெண் உருவில். காளை ஏழாம் கிளாடியா படைப்பிரிவின் சின்னம், சிங்கம் நான்காம் ஃபிளேவியா படைப்பிரிவின் சின்னம். மாகாணத்தைக் காவல் காத்த இரண்டு படைகளையும் அவளுடைய இருபுறமும் நிறுத்திவிட்டார்கள். வியன்னாவில் என் ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி ஓடும் அதே டான்யூபின் கீழ்ப்பகுதியில் இந்தக் காசு அடிக்கப்பட்டது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

மூன்றாம் கோர்டியன் 239இல் இந்த ஊருக்குக் குடியேற்ற நகரத் தகுதி கொடுத்தார். அன்றிலிருந்து நகரம் தனக்கென்று ஓர் ஆண்டுக்கணக்கை ஆரம்பித்தது. காசின் பின்பக்கத்தில், காலடிக் கோட்டுக்குக் கீழே, ‘ஆண்டு’ என்பதற்கான லத்தீன் சுருக்கமும் ஒரு ரோம எண்ணும் இருக்கும். காசு சேகரிப்பவனுக்கு இதைவிட நல்ல வரம் கிடையாது. என் காசில் ஐந்தைக் குறிக்கும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அதற்கு வலப்பக்கம் கடினமான சுண்ணாம்புப் பொருக்கு. அடியில் ஒரு கோடு இருந்தால் ஆறு, இரண்டு இருந்தால் ஏழு, மூன்று இருந்தால் எட்டு. முன்பக்கத்திலும் முகம் தேய்ந்து, பேரரசர் பெயர் இருக்கும் இடத்தில் பொருக்கு.

பொருக்கு நீரில் ஊறியும் இளகவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் மூங்கில் குச்சியின் முனை போதாது. கைப்பிடியில் பொருத்திய ஊசியும் சின்ன ஸ்கால்பலும் தேவை. ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் பத்து, இருபது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தபடி செய்தேன். ஊசியைக் கீழ்நோக்கி அழுத்தக் கூடாது. பொருக்கின் ஓரத்தில் கிடைமட்டமாக வைத்து, பக்கவாட்டில் நெம்பினால், அது களிம்புத் தோலிலிருந்து துணுக்காகக் கழன்று வரும். பொருக்குக்கும் தோலுக்கும் நிற வேறுபாடு இருக்கும்: பொருக்கு மங்கலான சாம்பல், தோல் பளிச்சென்ற அடர்பச்சை. அந்த எல்லையைக் கண் பழகிக்கொள்ள வேண்டும். மாலை வேளையில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால்தான் கை நடுங்காது.

முன்பக்கத்தில் முதலில் வெளிவந்தது ஃபிலிப் பெயரின் தொடக்கம். கோர்டியன் அல்ல. அவருக்குப் பின் வந்த முதலாம் ஃபிலிப், சிரியாவின் ஷாபா ஊர்க்காரர். அப்படியென்றால் ஆண்டு எண் ஐந்தாகவும் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். பின்பக்கப் பொருக்கை விளிம்புவரை எடுத்தேன். ஐந்துக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, மழமழவென்ற வெறும் தளம். ஆண்டு ஐந்தேதான்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், விமினாசியத்தின் ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. ஐந்தாம் ஆண்டு 243 இலையுதிர் காலத்திலிருந்து 244 இலையுதிர் காலம்வரை. கோர்டியன் 244இன் தொடக்கத்தில் பாரசீகப் போர்முனையில், பத்தொன்பது வயதில் இறந்தார். பாரசீக அரசர் முதலாம் ஷாபூர் நக்ஷ்-இ-ரோஸ்தமில் வெட்டிய கல்வெட்டு, கோர்டியன் போரில் கொல்லப்பட்டதாகச் சொல்கிறது. ரோம எழுத்தாளர்கள் பழியை ஃபிலிப்பின் மேல் போடுகிறார்கள். புதிய பேரரசர் ஐந்து லட்சம் தீனார் கொடுத்துச் சமாதானம் வாங்கினார் என்றும் அதே கல்வெட்டு பெருமையோடு குறிக்கிறது. ஐந்தாம் ஆண்டுக் காசுகள் இரண்டு பேரரசர் பெயரிலும் இருக்கின்றன. ஃபிலிப் பெயரில் ஐந்து என்றால், என் கையில் இருப்பது 244ஆம் ஆண்டின் சில மாதங்களுக்குள் அடித்தது. யூப்ரடீஸ் கரையில் ஆட்சி மாறிய செய்தி டான்யூபுக்கு வந்து, புதிய அச்சு வெட்டி, அந்த ஆண்டு முடிவதற்குள் காசு சந்தைக்குப் போயிருக்கிறது. ஒரு நகம் அளவுகூட இல்லாத பொருக்குக்கு அடியில் இவ்வளவு இருந்தது.

இனி ‘காரகல்லா?’ காசு. மூன்றில் எனக்கு மிகப் பிடித்ததும், மிகக் கஷ்டம் கொடுத்ததும் இதுதான்.

27 மில்லிமீட்டர். முன்பக்கம் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு மார்பளவு உருவங்கள். இடப்பக்கம் இருப்பவர் தாடிக்காரர், வாகைமாலை சூடியவர். வலப்பக்க உருவத்தின் மேல் கெட்டியான மண்பொருக்கு. படித்தது ஒரே ஒரு பெயர்: ‘அந்தோனினோஸ்’. பின்பக்கம் பணப்பையும் பாம்புகள் சுற்றிய கோலும் ஏந்திய கிரேக்க வணிகத் தெய்வம் ஹெர்மிஸ், அருகில் தனியாக ஓர் எப்சிலான் எழுத்து, வலப்புறம் நகரத்தார் பெயர். இரு பக்கமும் நட்டநடுவில் ஒரு சின்னக் குழி. அந்தக் குழியைப் பார்த்து யாரோ துளைபோட முயன்றிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வார்த்த வில்லையை அச்சில் அடிப்பதற்கு முன் தயார் செய்த கருவி விட்ட தடம் அது. இந்தப் பகுதிக் காசுகளில் சாதாரணம்.

ஊர் மார்சியானோபோலிஸ். பல்கேரியாவில் வார்னாவுக்கு மேற்கே உள்ள தேவ்னியா. பேரரசர் டிராஜன் தன் அக்கா மார்சியானாவின் பெயரால் உண்டாக்கிய நகரம். எப்சிலான் கிரேக்க எண்களில் ஐந்து. இந்தக் காசு ஐந்து அசாரியன் (அந்த நகரங்களின் சில்லறை அலகு) பெறும் என்று அர்த்தம். இரண்டு தலை போட்டது இந்த ஐந்து அசாரியன் காசுதான். தட்டில் விழுந்தவுடன் கடைக்காரர் மதிப்பைக் கண்டுகொள்ள நல்ல ஏற்பாடு.

ஆனால் யார் இந்த இருவர்? அங்கேதான் சிக்கல். காரகல்லாவின் அதிகாரபூர்வப் பெயர் அந்தோனினஸ். அவர் தாய் ஜூலியா டோம்னாவோடு சேர்ந்து இதே ஊரில் இதே மாதிரிக் காசில் வருகிறார். பின்னர் ஆண்ட பேரரசர் எலகபாலஸின் பெயரும் அந்தோனினஸ்தான். அவர் பாட்டி ஜூலியா மேசாவோடு வருகிறார். இருவருக்கும் நடுவே பதினான்கு மாதம் ஆண்ட மாக்ரினஸ், தன் ஒன்பது வயது மகன் டையாடுமேனியனுக்கும் அந்தோனினஸ் என்றே பெயர் சூட்டினார். மக்களும் படையும் அந்தப் பெயரிடம் வைத்திருந்த பற்றைத் தன் பக்கம் இழுக்க எண்ணினார். ஆக முன்பக்கத்து அந்தோனினோஸை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தீர்வு பின்பக்கத்தில், இடப்புறம். அங்கே ஆளுநர் பெயர் இருக்க வேண்டும். தெரிந்தது முடிவு மட்டும்: ‘...யானு’. காரகல்லா காலத்து ஆளுநர் குவின்டிலியானஸ், மாக்ரினஸ் காலத்தில் பொன்டியானஸ், எலகபாலஸ் காலத்து இருவரில் ஒருவர் டிடியானஸ். மூன்று பெயரும் காசில் ‘யானு’ என்றே முடியும்! ஆக, பெயரின் முதல் எழுத்துதான் வேண்டும். மூன்று பேருக்கும் முதல் எழுத்து வெவ்வேறு.

அந்த முதல் எழுத்து இருந்த இடத்தில்தான் வெண்கல நோயும் இருந்தது. வெளிர்பச்சையாக, தொட்டால் மாவாக உதிரும் புள்ளிகள். இது சாதாரணக் களிம்பு அல்ல. மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு உலோகத்தோடு சேர்ந்து தாமிரக் குளோரைடாக உள்ளே உறங்கும். காற்றில் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அது அந்த வெளிர்பச்சைப் பொடியாக மாறும், கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் புதிய தாமிரத்தைத் தின்னும், மறுபடி குளோரைடு, மறுபடி பொடி. விட்டுவிட்டால் எழுத்தோடு சேர்த்து அந்த இடமே குழியாகிவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்றது இதனால்தான்.

சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைப்பது ஒரு பழைய வழி. குளோரைடை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் களிம்பிலுள்ள தாமிரத்தையும் கொஞ்சம் கரைத்து, நிறத்தை மாற்றிவிடும். நோய் காசு முழுக்கப் பரவியிருந்தால் வேறு வழியில்லாமல் அதைச் செய்வேன். இங்கே மூன்று நான்கு புள்ளிகள்தான். ஆகவே மைக்ராஸ்கோப்பின் கீழ் ஊசியால் அந்தப் பொடியைத் தோண்டி எடுத்து, குழியின் அடியிலிருந்த மெழுகு போன்ற சாம்பல் நிறக் குளோரைடையும் சுரண்டினேன். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஊறல், நீரை மாற்றுவது, மாற்றும்போதெல்லாம் பழைய நீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு. குளோரைடு இருந்தால் நீர் பால்போலக் கலங்கும். கலங்காமல் தெளிவாக நின்றதும் ஊறலை முடித்தேன்.

அதன்பின் அசிட்டோனில் முக்கி நீரை வெளியேற்றி, வெதுவெதுப்பான அடுப்பில் உலர்த்தி, ஆல்கஹாலில் கரைத்த 3 சதவீத பென்சோட்ரையசோலில் ஒரு நாள். இது தாமிரத்தின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாக்கி ஈரத்தைத் தடுக்கிறது. உடம்புக்கு ஆகாத பொருள். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, சமையலறையில் செய்யவே கூடாது.

எழுத்து? சுரண்டும்போதே கிடைத்துவிட்டது. முதலில் ஒரு நேர்கோடு வந்தது. அது மூன்று எழுத்தில் எதற்கும் பொருந்தும். கொஞ்சம் தள்ளி இரண்டாவது நேர்கோடு வந்தபோது நெஞ்சு படபடத்தது. மேலே இரண்டையும் இணைக்கும் குறுக்குக்கோடு. கிரேக்க ‘பை’ எழுத்து. அடுத்து ஒரு வட்டத்தின் பாதி. பொன்டியானு. அப்படியென்றால் முன்பக்கத்துத் தாடிக்காரர் மாக்ரினஸ். பிறகு வலப்பக்க உருவத்தின் மேலிருந்த மண்ணையும் எடுத்தேன்: வாகைமாலை இல்லாத சின்னப் பையன் முகம், கழுத்துவரை போர்த்திய மேலாடை. அவர் மகன் டையாடுமேனியன், அப்போது சீசர், அதாவது இளவரசர், பட்டம் மட்டும் பெற்றிருந்தவன்.

மாக்ரினஸ் 217 ஏப்ரலில் கார்ஹே பக்கத்தில் காரகல்லா கொல்லப்பட்ட சில நாட்களில் பேரரசரானார். செனட் உறுப்பினராக இல்லாமலேயே அரியணை ஏறிய முதல் மனிதர். பேரரசராக அவர் ரோம் நகருக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை. 218 ஜூன் 8இல் அந்தியோகியா அருகே தோற்று ஓடி, பிடிபட்டுக் கொல்லப்பட்டார். கிழக்கே இருந்த பார்த்தியப் பேரரசுக்கு அனுப்பிவைத்த மகனை வழியில் சூக்மா என்ற இடத்தில் பிடித்தார்கள், அவனையும் விடவில்லை. இருவரின் பெயரையும் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி எடுத்தார்கள். அந்தப் பையனை அப்பாவுக்கு எதிரே நிறுத்தி, கூடவே ஆளுநர் பெயரையும் ஊர்ப் பெயரையும் போட்டு அடித்த இந்தக் காசுகள் மட்டும் சந்தையில் ஓடிக்கொண்டே இருந்தன. பேரரசரின் ஆணைகளைவிட ஒரு மாகாண நகரத்து அச்சுக்காரரின் வேலை அவனை நன்றாகக் காப்பாற்றியிருக்கிறது.

கடைசி வேலை மெழுகு. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவான ரினைசன்ஸ் வேக்ஸ் என்ற நுண்படிக மெழுகை, லேசாகச் சூடான காசில் தூரிகையால் மெல்லியதாகத் தடவி, ஆறியதும் பருத்தித் துணியால் துடைத்தேன். வேண்டுமானால் எப்போதும் கரைத்து எடுத்துவிடலாம், அதுதான் இதன் நல்ல குணம். பிவிசி உறைகளில் போடக் கூடாது. அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள் காசின் மேல் பச்சையாக ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத காகித உறை, அல்லது மைலார் என்ற பாலியெஸ்டர் உறை. மரப்பெட்டி என்றால் மகாகனி சரி, ஓக் மரம் அமில ஆவி விடும் என்பதால் வேண்டாம்.

காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையும் ஈரப்பதமானியும் போட்டு, ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். மார்சியானோபோலிஸ் காசை மட்டும் மாதம் ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் வைத்து அந்தக் குழிகளைப் பார்க்கிறேன், புதிய பொடி தென்படவில்லை. பழைய அட்டைகள் மூன்றையும் அப்படியே வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் புதிய அட்டை: ஊர், பேரரசர், ஆளுநர் அல்லது ஆண்டு, எடை, விட்டம், அச்சுத் திசை, என்னென்ன வேதிப்பொருள் பட்டது, வாங்கிய இடம். வேதிப்பொருள் பட்டியலை யாரும் எழுதுவதில்லை. எழுதுங்கள். அடுத்து இந்தக் காசு யார் கைக்குப் போகிறதோ, அவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.